ரசித்தால் இறங்கும் லிஃப்ட்

ஆண்டு இறுதிக் கொண்டாட்டத்தன்று எங்கள் அலுவலகத்தின் லிஃப்ட், கலை நிகழ்ச்சிகளை யாராவது ஒருவர் மனதார ரசித்தால்தான் எங்கள் மாடிக்கு வந்து கீழே இறங்கும். மற்ற நாட்களில் அது சாதாரண லிஃப்ட். படிக்கட்டும் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அது மேலே ஏறுவதற்கு மட்டும்தான். அதில் இறங்கப் பார்த்தவர்கள் எல்லோரும் மொட்டை மாடியில் போய் நின்றிருக்கிறார்கள்.

நாங்கள் பெருங்குடியில் பதினோராவது மாடியில் இருக்கிறோம். விண்ணப்பப் படிவங்களை வடிவமைத்துத் தரும் நிறுவனம். நீங்கள் எங்கேயாவது 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்ற கோட்டில் இடம் போதாமல் எழுத்தை நெருக்கி எழுதியிருந்தால், அந்தக் கோட்டின் நீளத்தை முடிவு செய்தது நாங்களாக இருக்கலாம். மொத்தம் நூற்று முப்பது பேர். நான் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, டிசம்பர் கடைசி வெள்ளியன்று தொடங்கிய கொண்டாட்டத்தை ஒருவரும் ரசிக்கவில்லை. அதனால் கொண்டாட்டம் முடியாமல் நீண்டு, தை பிறக்கும் வரை யாராலும் இறங்க முடியவில்லை. பொங்கலையே பதினோராவது மாடியில், மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தார்கள். அது பொங்கவில்லை என்றும் சொன்னார்கள்.

நான் சேர்ந்த ஆண்டு மூன்று மணிக்குக் கொண்டாட்டம் தொடங்கியது, நாலு இருபதுக்கு லிஃப்ட் வந்துவிட்டது. யார் ரசித்தது என்று விசாரித்தார்கள். நான்தான். தரவுப் பிரிவில் ஒருவர் பாட வந்து, இரண்டாவது வரி மறந்துபோய், மைக்கைப் பிடித்தபடி ஒரு நிமிடம் முழுக்கச் சிரித்துக்கொண்டே நின்றார். நான் சொக்கிப்போனேன். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகளில் எனக்கு மூன்று பதவி உயர்வுகள். இப்போது நான் முதுநிலை ஒருங்கிணைப்பாளர். எதை ஒருங்கிணைக்கிறேன் என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

என் பெயர் தணிகாசலம். ரசிப்பதைத் தவிர எனக்கு வேறு திறமை கிடையாது. நவீன நாடகம் எங்கே நடந்தாலும் போய்விடுவேன். ஒரு முறை ஒருவர் மேடையில் மூன்று மணி நேரம் வெங்காயம் உரித்தார். நான் அழுதேன். அது வெங்காயத்தால் வந்த கண்ணீர் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நான் உட்கார்ந்திருந்ததோ கடைசி வரிசை. பாப் கச்சேரிகளையும் விடுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திறந்தவெளி மைதானத்தில், கட்டைவிரல் உயரத்தில் தெரியும் பாடகியை முன்னால் நிற்பவரின் கைபேசித் திரையில் பார்த்தபடி, தெரியாத மொழிப் பாட்டைக் கூடவே பாடுவேன். கூட்டத்தில் எல்லோரும் இருபது வயதுக்காரர்கள். 'அங்கிளுக்கு வழி விடுங்க' என்பார்கள். நான் அதையும் ரசித்திருக்கிறேன்.

இந்த ஆண்டு எனக்கு அவசரம் இருந்தது. அன்புக்கொடியின் நாடகம் அதே வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு.

அன்புக்கொடி கல்லூரியில் என்னோடு படித்தவள். மந்தைவெளியில் மூடிப்போன மாவு மில் ஒன்றில் நாடகக் குழு வைத்திருக்கிறாள். குழு என்றால் அவளும் ஒரு விளக்கும். இந்த முறை ஒரே ஒரு பார்வையாளருக்கான நாடகம், எனவே ஒரே ஒரு நாற்காலி. அதில் அவள் ரயில்வே கேட்டாக நடிக்கிறாள். கையை நீட்டி, இறக்கி, ஐம்பது நிமிடம் அப்படியே நிற்க வேண்டும்.

நாடகக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. முதல் காட்சியை ஒருவராவது உட்கார்ந்து பார்த்துக் கைதட்டினால்தான் நடித்தவர் வேடத்தை விட்டு வெளியே வர முடியும். யாரும் வராவிட்டால் அப்படியே இருந்துவிட வேண்டியதுதான். திருவள்ளூர்ப் பக்கம் ஒருவர் தபால் பெட்டியாக நடித்தார். அன்றைக்கு மழை என்பதால் யாரும் வரவில்லை. இன்றும் அவரிடமிருந்து நாளுக்கு இரண்டு முறை கடிதம் எடுக்கிறார்கள். நல்ல மனிதர், அவரிடம் போட்ட தபால் எதுவும் தொலைந்ததில்லை.

அன்புக்கொடியின் எல்லா முதல் காட்சிகளுக்கும் போய்க் கைதட்டியவன் நான்தான். பதினாறு ஆண்டுகளில் அவள் கதவாக இருந்திருக்கிறாள், வற்றிய கிணறாக இருந்திருக்கிறாள், ஒரு முறை சனிக்கிழமையாகவும் இருந்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் 'நீயும் ஒரு வேஷம் போடுடா' என்பாள். 'பார்க்க ஒருத்தன் வேணுமே' என்பேன். கேட்பதற்கு அது தியாகம்போல இருக்கும். உண்மையில் எனக்குப் பயம்.

வியாழக்கிழமை போன் செய்தாள்.

"தணிகா, நாளைக்கு உங்க ஆபீஸ் பார்ட்டின்னியே. வந்துடுவல்ல?"

"நாலரைக்கெல்லாம் லிஃப்ட் வந்துடும்."

"ரயில்வே கேட்டா நிக்கறது எனக்கு ஒண்ணுமில்லடா. ஆயுசுக்கும்னா கை வலிக்கும்."

"நான் இருக்கேன்ல" என்றேன். இப்படிச் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

நடந்த தவறுக்கு நானும் உடந்தை. நவம்பர் மாதமே எங்கள் மனிதவளப் பிரிவின் மேலாளர் ஜெபராணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாகர்கோவில்காரர், எந்த விஷயத்தையும் படிவத்துக்குள் கொண்டுவந்துவிட்டால்தான் அவருக்கு மனது நிறையும். ஒருவர் ரசிப்பதை இப்படி அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைப்பது நிறுவனத்துக்கு அழகல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ரசனை விவரப் படிவம் என்று ஒன்றை உருவாக்கி மேஜை மேல் வைத்திருந்தார்.

"தணிகா சார், உங்களுக்கு என்னெல்லாம் பிடிக்கும்னு சொல்லுங்க. அதையே போட்ருவோம்."

எனக்கு என்னவெல்லாம் பிடிக்கும் என்று நாற்பத்தொரு ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை. இரண்டரை மணி நேரம் பேசினேன். நடுவில் டீ வந்தது, அதையும் ஆற விட்டுவிட்டுப் பேசினேன். ஜெபராணி ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். 'மௌனம்: ஆம். காரணம் தெரியாமல் காத்திருத்தல்: ஆம். பார்வையாளருக்குப் புரிதல்: தேவையில்லை. வெங்காயம்: இருந்தால் நல்லது.' கடைசியில் கையெழுத்துப் போடும்போது, உலகத்தில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆவணம் இதுதான் என்று எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு அசடு நான்.

அந்தப் படிவத்தை வைத்து நிகழ்ச்சி நிரல் தயாரித்தார்கள். நிரல், எல்லா ஆவணங்களையும் போல, பிழை திருத்தும் பிரிவுக்குப் போனது. அதன் தலைவர் முத்துவடிவு மேடம். ஐம்பத்தேழு வயது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும், வரியின் அடியில் அதை வைத்துத்தான் எதையும் படிப்பார். நிரலில் இருந்த பிழைகளைத் திருத்தியவர், ஒத்திகைக்கும் போய் உட்கார்ந்து அதில் இருந்த பிழைகளையும் திருத்தினார். மூன்று வாரத்தில் எங்கள் கொண்டாட்டத்தில் ஒரு பிழைகூட இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடினோம். தலையில் சிவப்புத் தொப்பி, சுவரில் காகித நட்சத்திரம். பெயர் சொல்லாமல் ஒருவருக்கொருவர் பரிசு கொடுக்கும் சடங்கில் வழக்கம்போல எல்லோருக்கும் பீங்கான் கோப்பை வந்தது. முதலில் எம்.டி. இருபது நிமிடம் பேசினார். அது கலை நிகழ்ச்சியில் சேராது.

பிறகு நிதிப் பிரிவின் தலைவர் பஞ்சநதம் நவீன நாடகம் ஒன்றை நடித்தார். மேடையில் ஒரு பிரிண்டர் இருந்தது. அதிலிருந்து தாள் வரும் என்று அவர் நாற்பது நிமிடம் காத்திருந்தார். தாள் வரவில்லை. அவர் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். அதன் பிறகும் தாள் வரவில்லை. குறை சொல்ல எதுவுமில்லை. அடுத்து கணினிப் பிரிவைச் சேர்ந்த பதினான்கு பேர் பாப் நடனம் ஆடினார்கள். பதினான்கு இடது கால்களும் ஒரே நொடியில் தரையைத் தொட்டன.

நூற்று இருபத்தொன்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஜெபராணி எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் புருவங்களின் அசைவைக் குறித்துக்கொண்டிருந்தார். பந்தியில் பரிமாறுகிறவர் பக்கத்திலேயே நின்று நம் வாயைப் பார்த்தால் சோறு எப்படி இறங்கும்? எனக்கு எதுவும் இறங்கவில்லை.

என்னாலானதைச் செய்தேன். மோவாயில் கை வைத்தேன். கண்ணை மூடித் திறந்தேன். நாடக விழாக்களில் அறிவாளிகள் எழுப்பும் அந்த 'ம்' என்ற ஒலியை நாலைந்து விதமாக எழுப்பினேன். லிஃப்ட் கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் தரைத்தளம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. லிஃப்டை ஏமாற்ற முடியாது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே கலக்கமாக இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் ரசித்ததெல்லாம் இந்தத் தலையாட்டல்தானோ என்று தோன்றிவிட்டது. ரசிக்கவும் தெரியாவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு பீங்கான் கோப்பை.

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தேகால். பஞ்சநதம் வெங்காயக் கையோடு என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"சார், வேணும்னா இன்னொரு தடவ பண்ணட்டுமா? மூணு வாரம் ப்ராக்டிஸ் பண்ணேன் சார்."

"ரொம்ப நல்லா பண்ணீங்க."

"அப்ப லிஃப்ட் ஏன் சார் வரல?"

அவர் மறுபடி பிரிண்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒருவர் பொங்கலுக்குப் பச்சரிசி இப்போதே சொல்லிவிடலாமா என்று கேட்டார். யாரோ கரும்புக்குப் பெயர் கொடுத்தார்கள். மந்தைவெளியில் அன்புக்கொடி இந்நேரம் கையில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை தீட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய வலது தோளில் ஏற்கெனவே வலி உண்டு.

ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கழிவறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்தேன். ஜெபராணி படிவத்தில் 'இடைவேளை' என்று குறித்துக்கொண்டார்.

நடைபாதையின் கோடியில் ஜெராக்ஸ் அறை இருக்கிறது. கதவில் கண்ணாடி. உள்ளே விளக்கு அணைந்திருந்தது, ஆனால் ஜெராக்ஸ் மெஷினின் மூடி திறந்திருக்க, அதன் வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தது. அந்த வெளிச்சத்தில் முத்துவடிவு மேடம் ஆடிக்கொண்டிருந்தார்.

கைபேசியில் ஒரு பாப் பாட்டு மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்து ஆடுகிற வகைப் பாட்டு. ஐந்து பேருடைய பாகத்தையும் மேடமே ஆடினார். நடுவில் நிற்கும் பெண்ணாக இரண்டு அடி ஆடிவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, வலது கோடியில் நிற்கும் பெண்ணாக ஓர் அடி. திரும்ப ஓடி வந்து இடது கோடி. ஸ்கேல்தான் மைக். ஒவ்வொரு முறை வெளிச்சம் முகத்தைக் கடக்கும்போதும் கண்ணைச் சிமிட்டினார். மெஷின் அவரை ஒவ்வொரு தாளாகப் பிரதியெடுத்துத் துப்பியது. ஓரிடத்தில் வலது பக்கம் திரும்புவதற்குப் பதிலாக இடது பக்கம் திரும்பிவிட்டார். உடனே நின்று, ஸ்கேலால் தன் தலையில் தானே ஒரு தட்டு தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

நான் நேரத்தை மறந்தேன். அன்புக்கொடியையும் மறந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நடைபாதைக்கு அப்பால் டிங் என்ற ஒலி கேட்டது. லிஃப்ட் வந்துவிட்டது.

மேடமும் அதைக் கேட்டார். திரும்பினார், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மெஷினின் மூடியைச் சாத்திவிட்டுக் கதவைத் திறந்தார்.

"எவ்ளோ நேரமா நிக்கறீங்க?"

"ரெண்டாவது பல்லவிலேர்ந்து, மேடம்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன்."

லிஃப்டில் ஒரு தடவைக்குப் பதின்மூன்று பேர். ரசித்தவர் முதல் நடையில் போக வேண்டும் என்பது வழக்கம். என்னை நடுவில் நிறுத்தினார்கள். பஞ்சநதம் இருந்தார். ஜெபராணி படிவ அட்டையோடு ஏறினார். முத்துவடிவு மேடம் மூலையில், ஸ்கேலைப் பார்த்தபடி நின்றார். மணி ஆறு ஐந்து. இறங்கியதும் ஓர் ஆட்டோ பிடித்தால் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். கதவு மூடியது, இறங்கத் தொடங்கினோம்.

"எந்த நிகழ்ச்சி சார்? குறிச்சிக்கிறேன்" என்றார் ஜெபராணி.

நான் மேடத்தைப் பார்க்கவில்லை. "பிரிண்டர் நாடகம்" என்றேன்.

பஞ்சநதம் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

"லிஃப்ட் ஒத்துக்கல சார்" என்று அடித்து எழுதினார் ஜெபராணி. "வேற?"

"பாப் டான்ஸ்."

லிஃப்ட் அரை மாடி மேலே ஏறியது.

"வேற?"

"எம்.டி. பேச்சு" என்றேன். புத்தி பேதலித்துப் போயிருந்தது. லிஃப்ட் விறுவிறுவென்று ஒன்பதாவது மாடிக்குப் போய்விட்டது.

மணி ஆறு பதினான்கு. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னால் மேடத்தை நூற்று முப்பது பேர் முன்னால் நிறுத்தியதாகும், இரண்டு மணி நேரத்தில் எல்லோர் கைபேசியிலும் கேலிப் படமாகிவிடுவார். சொல்லாவிட்டால் அன்புக்கொடி சாகும் வரை கேட். இரண்டு பேரில் ஒருவரை நான் கைவிட்டாக வேண்டும், எதைச் செய்தாலும் நான் அயோக்கியன். இப்படிப்பட்ட நேரங்களில் நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். தலையைக் குனிந்துகொண்டு யாராவது எதையாவது செய்யட்டும் என்று காத்திருந்தேன்.

மூலையிலிருந்து குரல் வந்தது.

"ஜெராக்ஸ் ரூம். அஞ்சு அம்பத்தெட்டு. ஆடினது முத்துவடிவு. எழுத்துப்பிழை இல்லாம எழுதிக்கங்க."

ஜெபராணி எழுதினார். லிஃப்ட் லேசாக அசைந்தது.

"நிகழ்ச்சி விவரம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். அதையும் நிரப்பணும்."

"எழுதினா புரியாது" என்றார் மேடம். கைபேசியை பஞ்சநதத்திடம் கொடுத்து, பாட்டைப் போடச் சொன்னார்.

பன்னிரண்டு பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம். நடுவில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் கிடைத்தது. அதற்குள் மேடம் ஐந்து பேராகவும் ஆடினார். இந்த முறையும் அதே இடத்தில் இடது பக்கம்தான் திரும்பினார், அதே போலத் தலையில் தட்டிக்கொண்டார். யாரும் படம் எடுக்கவில்லை. கைபேசியை எடுக்கக் கை வரவில்லை. ஜெபராணி படிவ அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாளம் போட்டார். பஞ்சநதத்தின் கண்ணில் நீர் வந்தது. இந்த முறை வெங்காயம் இல்லை.

ஒருவர் ரசித்தால் லிஃப்ட் பதினோரு மாடி இறங்கும். பன்னிரண்டு பேர் ரசித்ததால் அது தரைத்தளத்தில் நிற்கவில்லை. வாகனம் நிறுத்தும் அடித்தளம் ஒன்று, அடித்தளம் இரண்டு என்று தாண்டிப் போயிற்று. எங்கள் கட்டடத்தில் அடித்தளம் இரண்டுதான். எண்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. அடித்தளம் இருபத்திமூன்றில் பாட்டு முடிந்தது, கதவு திறந்தது. வெளியே மாவு வாசனை அடித்தது. மந்தைவெளி மில். பெருங்குடியிலிருந்து அதுதான் நேர் வழி, சிக்னலும் கிடையாது. மணி ஆறு இருபத்தொன்பது.

"நான் இங்க இறங்கிக்கிறேன்" என்றேன். மற்றவர்கள் வண்டியை நிறுத்தியிருந்த தளத்துக்குப் பொத்தானை அழுத்தினார்கள். ஆட்களை மேலே ஏற்ற லிஃப்டுக்கு யாருடைய ரசனையும் வேண்டியதில்லை. கதவு மூடுவதற்கு முன்னால் முத்துவடிவு மேடம் மட்டும் என் பின்னால் இறங்கினார்.

அன்புக்கொடி விளக்கடியில் கையைச் செங்குத்தாகத் தூக்கி நின்றிருந்தாள். கையில் பட்டை தீட்டியிருந்தது. முதல் மணி அடித்தாகிவிட்டது.

"ஏன்டா இவ்ளோ நேரம்?" என்றவள் மேடத்தைப் பார்த்தாள். "ஒரு சேர்தான் இருக்கு."

"இவங்க எங்க ஆபீஸ். முத்துவடிவு மேடம். சும்மா வந்தாங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் மேடம் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், அது என் சீட்டு."

"தணிகாசலம். நீங்க என்னை ரெண்டாவது பல்லவிலேர்ந்து பார்த்தீங்க. லிஃப்ட்ல பன்னெண்டு பேர் பார்த்தாங்க. நான் இன்னைக்கு யாரையும் பார்க்கல." ஸ்கேலின் நுனியால் விளக்கடியைக் காட்டினார். "போங்க."

இரண்டாவது மணி அடித்தது. அன்புக்கொடி கேட் ஆகிவிட்டாள். இனி ஐம்பது நிமிடத்துக்கு அவள் பேச முடியாது. கை மெதுவாக இறங்கி இடுப்பளவில் குறுக்கே நின்றது. கேட் மூடினால் ரயில் வர வேண்டும். ரயிலாக வர அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

நான் மோசமான ரயிலாகத்தான் தொடங்கினேன். என்ன ஒலி எழுப்புவது என்று தெரியாமல், அடுத்த மேஜைக்காரரிடம் ஃபைல் கேட்கும் குரலில் 'கூ' என்றேன். முழங்கைகளை எப்போது சுழற்றுவது என்று குழம்பி இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் சுழற்றினேன். முதல் சுற்றில் விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டேன். இடுப்பளவில் நீண்டிருந்த கேட் குலுங்கியது. பதினாறு ஆண்டுகளில் அன்புக்கொடி மேடையில் சிரித்தது அதுதான் முதல் முறை. மேடம் ஸ்கேலைத் தொடவில்லை. இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒருவர் என்னை இப்படிப் பார்ப்பார் என்று நான் எந்தப் படிவத்திலும் எழுதிக் கேட்டதில்லை.

பயம் மூன்றாவது சுற்று வரை இருந்தது. அதன் பிறகு எனக்குப் பின்னால் பெட்டிகள் வரத் தொடங்கின. திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் வளைவுகளில் இழுப்பு தெரிந்தது. ஆறு பெட்டிகள், பிறகு ஒன்பது. மில்லின் தரை தடதடத்தது, உத்தரத்திலிருந்து பழைய மாவு உதிர்ந்து என் மேல் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது. இதற்கு மேல் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஐம்பது நிமிடம் முடிந்ததும் கேட் உயர்ந்தது. முத்துவடிவு மேடம் எழுந்து நின்று அன்புக்கொடிக்குக் கைதட்டினார். நெடுநேரம் தட்டினார். அன்புக்கொடி கையை உதறிக்கொண்டு, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் கேட்டாள். திரும்பி வந்துவிட்டாள். பிறகு மேடம் என் பக்கம் திரும்பி எனக்காகக் கைகளை உயர்த்தினார்.

வேண்டாம் என்பதற்கு நான் நீளமாக ஒரு முறை ஊதினேன். ரயிலுக்குக் கைதட்டும் வழக்கம் நம் ஊரில் இல்லை.

மேடம் புரிந்துகொண்டார். கைகளை இறக்கி, ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"திருவான்மியூர்ல நிப்பீங்களா?"

நிற்பேன் என்பதற்கு இரண்டு முறை ஊதினேன். அவர் மூன்றாவது பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அன்புக்கொடி விளக்கை அணைத்து, மில்லைப் பூட்டிவிட்டு, கிளம்பும் நேரத்தில் ஓடி வந்து மகளிர் பெட்டியில் தொற்றிக்கொண்டாள்.

கோட்டூர்புரத்தில் நடைமேடை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் உள்ளே நுழையும்போது, எட்டு நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருப்பதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தாமதத்துக்கு வருந்துவதாகவும் என் சார்பில் அவர்களே சொல்லிவிட்டார்கள்.